ஆளில்லாத ஏரி

மூட்டை கட்டுவதில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பி.காம். பட்டத்தைவிட அதைத்தான் நான் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். கல்லூரியில் படித்த காலத்தில், சாயங்காலங்களில் யானைக்கவுனியில் ஒரு மொத்தப் பாத்திரக் கடையில் வேலை பார்த்தேன். எவர்சில்வர் அண்டாவுக்குள் தவலை, தவலைக்குள் சொம்பு, இடையில் பழைய பேப்பர் என்று நான் கட்டிய பார்சல் லாரியில் எத்தனை குதி குதித்தாலும் நசுங்கியதில்லை. மலையேறுகிறவர்களின் முதுகுப்பையும் ஏறக்குறைய அப்படித்தான். துணி அடியில். கனமானது முதுகை ஒட்டி நடுவில். அவசரத்துக்கு வேண்டியது மேலே.

அந்தக் கடையில் நான் கற்ற இன்னொன்று இந்தி. முதலாளி வீட்டார் ராஜஸ்தான்காரர்கள். திட்டுவதும் இந்தியில், கொஞ்சுவதும் இந்தியில். திட்டு வாங்கியே நான் பேசக் கற்றுக்கொண்டேன். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். முதன்முதலாக இந்தி பேசியதும் நான்தான்.

என் தோழி ஹில்டாவுக்கு இரண்டுமே வராது. பையில் கண்டதையும் திணித்து மேலே ஏறி உட்கார்ந்து ஜிப்பை இழுப்பாள். இந்தியில் 'அச்சா'வைத் தாண்டி அவளுக்கு ஒரு சொல் தெரியாது. அதனால் நாங்கள் மலைக்குப் போன பயணத்தில் இரண்டு வேலையும் என் தலையில் விழுந்தன. அவள் பையையும் நான்தான் கட்டினேன். அவளுக்கான பேச்சையும் நான்தான் பேசினேன். அவள் உயிரோடு திரும்பவில்லை. உயரத்தால் மூளையிலும் நுரையீரலிலும் நீர் கோத்துக்கொண்டது என்று மருத்துவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். அவர்கள் எழுதியதில் தப்பில்லை.

நாங்கள் இருவரும் தண்டையார்பேட்டையில் இசக்கிப்பாண்டி அண்ணாச்சியின் ஸ்டூடியோவுக்காகக் கல்யாணப் படம் எடுத்துக்கொண்டிருந்தோம். மேடையில் வரிசையாக நிற்கிறவர்களை நான் எடுப்பேன். பந்தியில் அப்பளத்துக்குச் சண்டை போடுகிறவர்களை, மணமகள் அறையில் செருப்பைத் தேடுகிறவர்களை ஹில்டா எடுப்பாள். ஆல்பம் வந்ததும் எல்லோரும் அவள் படங்களைத்தான் பார்த்துச் சிரிப்பார்கள். என் படங்களில் யார் யார் வந்திருக்கிறார்கள் என்று மட்டும் சரிபார்ப்பார்கள்.

அதைப் பற்றி எனக்குக் குறையில்லை. எனக்கு வேண்டியது வேறு. எனக்கு நிலமும் நீரும் வானமும் வேண்டும். ஆள் வேண்டாம். கல்யாணமில்லாத நாட்களில் விடியற்காலையில் எழுந்து கடற்கரையோரம் போய் எடுப்பேன். எடுத்தவற்றை எடுத்துக்கொண்டு நகரத்தின் தெற்குப் பக்கத்தில் இருக்கிற காட்சிக்கூடங்களுக்கு ஏறி இறங்குவேன். எந்த ஏரியா என்று கேட்பார்கள். வியாசர்பாடி, எம்.கே.பி. நகர் என்பேன். உடனே முகம் மலரும். அப்படியானால் உங்கள் ஏரியாவை எடும்மா, புகைபோக்கி, சாக்கடை, குடியிருப்பு, அதெல்லாம் எங்கே என்பார்கள். ஒரு பெரியவர் என் கடல் படங்களை மெதுவாகப் புரட்டிவிட்டு, "இதில் உன் கோபம் எங்கே?" என்று கேட்டார். அவருக்கு எதிரில் ஒரு மணி நேரமாக உட்கார்ந்திருந்தது அதுதான். அவருக்குத் தெரியவில்லை.

ஹில்டாவிடம் அவர்கள் கேட்டது இருந்தது. அவள் திருவொற்றியூரில், ஒரு கம்பெனியின் மதிலை ஒட்டிய தெருவில் பிறந்து வளர்ந்தவள். அவள் எதை எடுத்தாலும் அதில் அந்தத் தெரு வரும், ஆட்கள் வருவார்கள். அவள் அதற்காக மெனக்கெடவும் இல்லை. அதுதான் எனக்குப் புரியாது.

ஒரு மழைக்காலத்தில் எங்கள் குடியிருப்பில் சாக்கடையோடு வெள்ளம் புகுந்தது. நாங்கள் கீழ்த்தளம். ஹில்டா இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்து, எங்கள் டிவியைத் தூக்கி இரண்டாவது மாடியில் வைத்தாள். அதைச் சொல்லாவிட்டால் நான் நியாயமில்லாதவள் ஆவேன். அதன் பிறகுதான் அவள் கேமராவை எடுத்தாள். என் அம்மா மலர்க்கொடி, சத்துணவு மையத்தில் சமைக்கிறவர், கறுப்புத் தண்ணீரில் கேஸ் அடுப்பைத் தலையில் தூக்கிக்கொண்டு வருகிற படம் அது. அடுப்பின் ரப்பர் குழாய் அவர் கன்னத்தின் மேல் தொங்கும்.

அந்தப் படம் ஆளுயரத்துக்குப் பெரிதாகி, என் கடலை வேண்டாம் என்ற அதே கூடத்தில் தொங்கியது. திறப்பு விழாவுக்குப் பட்டுப்புடவை கட்டி வந்திருந்த ஒரு அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, உங்கள் தாயாரின் கண்ணில் என்ன ஒரு வலிமை என்றார். அம்மா பக்கத்தில்தான் நின்றார். அவரிடம் அந்த அம்மாள் ஒன்றும் பேசவில்லை.

அம்மாவுக்கு அதில் வருத்தமே இல்லை. "யம்மாடி, எம் மூஞ்சி எம்மாம் பெருசு கீது பாரு," என்று ஹில்டாவின் தோளில் அடித்துச் சிரித்தார். "ஏண்டி ஹில்டா, தலையாவது வாரிக்கினு வந்திருப்பேனே, ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"தலை வாரிக்கினு ஆராவது அடுப்பத் தூக்கினு போவாங்களா ஆயா? நீ சொம்மா இரு, நீதான் இங்க ஹீரோயினி," என்றாள் ஹில்டா. சின்னதாக ஒரு பிரதி போட்டு, சட்டம் அடித்து, எங்கள் வீட்டில் புத்தர் படத்துக்குப் பக்கத்தில் அவளே ஆணி அடித்து மாட்டிவிட்டுப் போனாள். தினமும் காலையில் பல் தேய்க்கும்போது அதைப் பார்ப்பேன். அவளை நான் மன்னித்துவிட்டேன். மன்னித்ததால்தான் மலைக்குக் கூப்பிட்டேன்.

அந்த ஏரியின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் கூட்டம் சேர்ந்துவிடும். இமாச்சலப் பக்கம், ரோடு முடிகிற கிராமத்திலிருந்து மேலே நடந்து போக வேண்டும். மரங்கள் தீர்ந்து, புல் தீர்ந்து, பாறை மட்டும் மிஞ்சுகிற உயரத்தில், மூன்று பக்கமும் பனிமலை சூழ்ந்து கிடக்கும். காலையில் காற்று எழும் முன் அந்தத் தண்ணீரில் மலை தலைகீழாக, ஒரு மடிப்புகூட இல்லாமல் விழும் என்று படித்திருந்தேன். பெண் தனியாக வந்தால் வழிகாட்டி கூட்டிப்போக யோசிப்பார்கள் என்பதால்தான் துணைக்கு ஆள் தேடினேன்.

அண்ணாச்சியிடம் லீவு கேட்டபோது அவர் சேரில் சாய்ந்துகொண்டார். "ரெண்டு பேரும் மலைக்குப் போயி என்னத்தப் புடுங்கப் போறிய? கல்யாண சீசன்ல லீவு கேக்கிய. அங்க பொண்ணு மாப்பிள்ளை யாரும் நிக்காவளா?"

"நாங்களே நிப்போம் அண்ணாச்சி. எங்களுக்கு எவன் கீறான்?" என்றாள் ஹில்டா. அவர் சிரித்துவிட்டார். அவள் பேச்சுக்கு எல்லோரும் சிரித்துவிடுவார்கள்.

நான் எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் கிளம்பினேன். உயரத்தில் தலைவலி வந்தால் அதற்கு மேல் ஏறக் கூடாது. வாந்தி வந்து, நடை தள்ளாடினால், இறங்க வேண்டும். ஓய்வு உதவாது, தூக்கம் உதவாது. கீழே இறங்குவதுதான் வைத்தியம். இதையெல்லாம் ஹில்டாவிடமும் படிக்கச் சொன்னேன். "நீ படிச்சிட்டல்ல, போதும். பெயிலானா ரெண்டு பேரும் சேந்து பெயிலாவலாம்," என்றாள்.

இங்கே திருவொற்றியூர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒருமுறை ஆல்பம் வேலை நீண்டுபோய் ஹில்டாவின் வீட்டில் தங்கிவிட்டேன். விடியும் நேரத்தில் மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வாடை வந்தது. அழுகிய முட்டையில் பூச்சிமருந்து கலந்தது போல. கண் எரிந்தது, தலை இரண்டாகப் பிளந்தது. ஹில்டாவின் அம்மா, பள்ளிக்கூட யூனிபார்ம் தைக்கிறவர், பதறாமல் எழுந்தார். ஜன்னலைச் சாத்தினார். துண்டுகளைப் பக்கெட்டில் முக்கிப் பிழிந்து எங்கள் மேல் போட்டார்.

"மூஞ்சில போத்திக்கினு கம்முனு படு. பேசாத, எய்ந்து நடக்காத. காத்து மாறினா எல்லாம் சரியாப் பூடும்."

ஹில்டா எழுந்து போய் வாந்தி எடுத்தாள். வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து மறுபடியும் துண்டைப் போர்த்திக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று நான் கேட்டதற்கு அம்மாவும் மகளும் துண்டுக்குள்ளேயே சிரித்தார்கள். "இதுக்கெல்லாம் ஆஸ்பத்திரின்னா நாங்க அங்கியே வூடு கட்டிக்கினு போவணும்," என்றாள் ஹில்டா. வெயில் ஏறிக் கடற்காற்று திரும்பியதும் வாடை போயிற்று, தலைவலியும் போயிற்று. எழுந்து இட்லி தின்றோம். அந்தத் தெருவில் தலைவலி என்றால் அதுதான். அதற்குப் பயப்படுகிறவள் புதிதாகக் குடிவந்தவள்.

மலையில் முதல் முகாமிலேயே ஹில்டாவுக்குத் தலைவலி தொடங்கியது. நெற்றியை அழுத்திக்கொண்டு, "கம்பெனி தலவலிடி இது. எங்கூருக்காரன் இங்கியும் ஒரு பிராஞ்சு தொறந்துட்டான் போல," என்றாள். நானும் சிரித்தேன். முதல் நாள் தலைவலி எல்லோருக்கும் வரும், அதனால் எதையும் விளக்கவில்லை. உயரத்துக்கான மாத்திரை எங்களிடம் இருந்தது. அதைப் போட்டால் அடிக்கடி சிறுநீர் வரும். குளிரில் கூடாரத்தை விட்டு வெளியே போவது பேஜாரு என்று அவள் இரண்டாம் நாளே நிறுத்திவிட்டாள். நான் வற்புறுத்தவில்லை. என்னுடையதை வேளை தவறாமல் போட்டுக்கொண்டேன்.

வழிகாட்டியின் பெயர் பல்பீர். நரைத்த மீசைக்காரர். கூடாரத்தையும் சாமானையும் சுமக்க ஒரு கோவேறு கழுதை. அவருக்கு இந்தியும் அவர் ஊர்ப் பேச்சும் தவிர வேறு மொழி தெரியாது. ஹில்டாவும் அவரும் கையாலும் முகத்தாலும் பேசிக்கொள்வார்கள். அவள் கழுதையிடம் தமிழில் பேசியதைப் பார்த்து அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

நடக்கும்போதெல்லாம் அவள் என்னை எடுத்தாள். குனிந்து பை தூக்கும்போது, மூக்கு ஒழுகும்போது, பாறையில் குந்திச் சோறு தின்னும்போது. நான் திரும்பும் பக்கமெல்லாம் அந்த க்ளிக் சத்தம். எனக்கு அந்தப் படங்கள் கண் முன்னால் வந்தன. கூடத்தின் சுவரில் என் அம்மா, அவருக்குப் பக்கத்தில் ஆளுயரத்துக்கு நான். முதுகில் மூட்டையோடு வியாசர்பாடிப் பெண். பட்டுப்புடவை அம்மாள் யாரோ ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டு என் கண்ணில் இருக்கிற வலிமையைப் பற்றிப் பேசுவார்.

"என்ன எடுக்காத ஹில்டா. மலைய எடு."

"ஆளில்லாம இன்னாடி படம்? ஆளில்லாத மலைதான் எங்கூட்டு காலண்டர்ல கீதே. மளிகைக் கடைக்காரன் சொம்மா குடுத்தான்." மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள். "அத்தப் பாத்தா போதாதா? இம்மாம் தூரம் நடக்கணுமா?"

அவள் அதைக் கேலியாகத்தான் சொன்னாள். நான் இத்தனை வருடமாக எடுத்த எல்லாவற்றுக்கும் அவள் ஒரே சொல்லில் பெயர் வைத்துவிட்டாள் என்பது அவளுக்குத் தெரியாது. தெரியாமல் செய்ததைப் பெரிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நான் எடுத்துக்கொள்ளவில்லை.

ஏரிக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது உச்சி வேளை தாண்டியிருந்தது. மேகம் இறங்கி மலைகளை மூடியிருந்தது. தண்ணீர் ஈயம் பூசிய அண்டாவின் அடிப்பக்கம் போல மங்கிக் கிடந்தது. பல்பீர் வானத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, இன்றைக்கு ஒன்றும் தெரியாது, நாளைக் காலையில் கண்ணாடி போல் இருக்கும் என்றார்.

ஹில்டா கரையோரம் கொஞ்ச நேரம் கேமராவோடு சுற்றினாள். நான் தண்ணீர் ஓரத்தில் நின்று, காலையில் எங்கிருந்து எடுப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் எதையோ சொல்லிச் சிரிக்கவைத்தாள், என்னவென்று இப்போது நினைவில்லை. அப்புறம் அவள் நடப்பது மாறியது. சமதரையில் கால் பின்னியது. சாராயம் குடித்தவள் போல ஒரு பக்கமாகச் சாய்ந்து போய் உட்கார்ந்தாள், வாந்தி எடுத்தாள். துண்டை ஏரித் தண்ணீரில் முக்கி, பிழிந்து, முகத்தில் போட்டுக்கொண்டு பாறையில் சாய்ந்தாள். யாரும் சொல்லாமல் அவளாகவே செய்தாள்.

"காத்து மாறட்டும்டி. சரியாப் பூடும்," என்றாள் துண்டுக்குள்ளிருந்து.

பல்பீர் கூடாரம் அடிப்பதை நிறுத்திவிட்டு ஓடிவந்தார். அவள் விரல் நகங்கள் நீலம் பாரித்திருப்பதைப் பார்த்தார். என் பக்கம் திரும்பி இந்தியில் சொன்னார். இந்தப் பெண்ணை இப்போதே இறக்க வேண்டும். வெளிச்சம் இருக்கிறது. கீழே புல்வெளி வரை போய்விட்டால் பிழைத்துக்கொள்வாள். கழுதை மேல் உட்காரவைத்துக் கூட்டிப்போகலாம். காலை வரை இங்கே வைத்திருந்தால் இவள் எழுந்திருக்க மாட்டாள். இப்படி நான் பார்த்திருக்கிறேன் என்றார். சொல்லிவிட்டுப் பள்ளத்தாக்கின் பக்கம் கையைக் காட்டி, நீச்சே, நீச்சே, கீழே கீழே என்று ஹில்டாவைப் பார்த்தே சொன்னார்.

ஹில்டா துண்டைக் கொஞ்சம் விலக்கினாள். "அந்தாளு இன்னா சொல்றாரு?"

நான் யோசிக்கவே இல்லை. இல்லை, அது சரியில்லை. யோசித்தேன். வழிகாட்டி ஒருவர்தான். இறங்கினால் மூவரும்தான் இறங்க வேண்டும். இறங்கினால் நாளைக் காலை அந்தத் தண்ணீரில் மலை விழும்போது பார்க்க யாரும் இருக்க மாட்டார்கள். மறுபடியும் ஏறி வர எனக்கு வாய்ப்பு வருமா என்பது சந்தேகம். ஹில்டாவிடம் பத்து ஜென்மத்துக்கான படங்கள் இருக்கின்றன. நான் கேட்டது ஒரு காலை. இதையெல்லாம் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே நினைத்தேன்.

"கீய போயி வெறகு எட்த்தாரேன்றாரு," என்றேன். "உனக்கு ஒண்ணியும் இல்லியாம். தூங்குனா சரியாப் பூடுமாம்."

"அதான் நானும் சொல்றேன்," என்றாள்.

பல்பீரிடம் திரும்பி, இறங்க மாட்டேன் என்கிறாள் என்றேன். அவள் ஊரில் ரசாயனக் கம்பெனிகள் இருக்கின்றன, இந்தத் தலைவலி அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம், பிடிவாதக்காரி, சொன்னால் கேட்க மாட்டாள் என்றேன். இதில் கம்பெனியும் தலைவலியும் உண்மை என்பதைக் கவனிக்க வேண்டும்.

அவர் நம்பவில்லை. ஹில்டாவின் முன்னால் குந்தி உட்கார்ந்தார். உறுதியாகத்தான் சொல்கிறாயா மகளே, இங்கேயே இருந்துவிடுகிறாயா என்று மெதுவாக, குழந்தையிடம் கேட்பது போலக் கேட்டார். கடைசியில், "பக்கா?" என்றார்.

அந்த ஒரு சொல் ஹில்டாவுக்குப் புரிந்தது. எங்கள் பக்கத்தில் எல்லோரும் சொல்கிற சொல்தானே. கட்டைவிரலை உயர்த்தினாள். "பக்கா," என்றாள். என்னைப் பார்த்து, "இந்தில பேசிட்டேன் பாத்தியா?" என்றாள்.

பல்பீர் எழுந்து போய்விட்டார். அவளே சம்மதம் சொன்னாள். என் கண்ணால் பார்த்தேன்.

அன்று கூடாரத்தில் அவளுக்குத் துண்டை நனைத்து நனைத்துக் கொடுத்தேன். அதில் என்மேல் எந்தக் குறையும் சொல்ல முடியாது. முதலில் ஏதேதோ பேசினாள். தைக்கிற மிஷினை நிறுத்தச் சொன்னாள். காத்து மாறிச்சா என்று கேட்டாள், இன்னும் இல்லை என்றேன். பிறகு கேட்பது நின்றது. குழாயில் தண்ணீர் வருவதற்கு முன்னால் காற்றும் நீரும் சேர்ந்து ஒரு சத்தம் வருமே, அவள் மூச்சு அப்படி வந்தது. அது எதனுடைய சத்தம் என்று நான் படித்திருந்தேன்.

விடியத் தொடங்கியதும் முக்காலியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். குளிர் உள்ளே போகாமல் இருக்கக் கூடாரத்தின் ஜிப்பை முழுக்க இழுத்து மூடினேன். மேகம் ஒன்றுகூட இல்லை. தண்ணீர் மூச்சே விடவில்லை. முதலில் உச்சிகள் சிவந்தன, பிறகு தண்ணீருக்குள் இருந்த உச்சிகளும் சிவந்தன. எது மேலே எது கீழே என்று சொல்ல முடியாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஆளில்லை. புகை இல்லை. யாரும் என்னிடம் எந்த ஏரியா என்று கேட்கவில்லை. நான் அழுதேன். அது ஹில்டாவுக்காக அல்ல என்பதை மறைக்க விரும்பவில்லை.

பின்னாலிருந்து பல்பீர் கத்துவது கேட்டது. வெளிச்சம் அப்போது சரியான இடத்துக்கு வந்துகொண்டிருந்தது. அது வெளுக்கும் வரை எடுத்து முடித்துவிட்டுத்தான் போனேன். அவர் அவளை முதுகில் துணியால் கட்டிக்கொண்டு இறங்கத் தொடங்கியிருந்தார். வயதானவர், ஓடினார். நான் கழுதையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். புல்வெளி கண்ணுக்குத் தெரிகிற வளைவில் அவர் நின்றார். அவளை இறக்கிக் கிடத்தி, கழுத்தில் விரல் வைத்துப் பார்த்து, தன் தொப்பியைக் கழற்றினார்.

போலீஸ் விசாரித்தது. பல்பீர் அழுதுகொண்டே, நானே அந்தப் பெண்ணிடம் கேட்டேன், பக்கா என்றாள் என்று சொன்னார். நானும் அதையேதான் சொன்னேன். எங்கள் இரண்டு பேச்சும் ஒத்துப்போயின. அவருக்கு இப்போது யாரும் வேலை கொடுப்பதில்லை என்று கேள்விப்பட்டேன். வருத்தமாக இருந்தது.

என் ஏரி இப்போது அதே கூடத்தில் தொங்குகிறது. கோபம் எங்கே என்று கேட்ட அந்தப் பெரியவர் அதன் முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டு, என்ன ஒரு அமைதி என்றார். என் அம்மாவையும் கூட்டிப்போனேன். அவர் அதை மேலும் கீழும் பார்த்தார். "நல்லாத்தான் கீது," என்றார். "ஆனா ஆருமே இல்லியேடி. அந்தப் பொண்ண எங்கனாச்சும் ஒரு ஓரத்துல வெச்சிருக்கக் கூடாதா?"

பல்பீர் சொன்னதை நான் அப்படியே சொல்லியிருந்தால் ஹில்டா அன்றைக்கே இறங்கியிருப்பாள். பிழைத்திருப்பாள். அது எனக்கு அந்தப் பாறை மேல் நின்றபோதே தெரியும். சந்தேகமாகத் தெரிந்தது என்றுகூடச் சொல்ல மாட்டேன். நன்றாகத் தெரியும். ஆனால் நான் செய்தது ஒரு படத்துக்காக. என் மேல் இன்னொருத்தி வைத்த பார்வையிலிருந்து ஒரே ஒரு முறை வெளியே வருவதற்காக. அவளுடைய படங்களில் நாங்கள் எப்போதும் தண்ணீரில் நிற்கிறவர்கள், சுமக்கிறவர்கள். அதை யாராவது ஒரு இடத்தில் நிறுத்த வேண்டியிருந்தது.

அவளுடைய கேமரா என்னிடம்தான் இருந்தது. டெல்லியிலிருந்து ரயிலில் திரும்பும்போது மேல் பெர்த்தில் படுத்துக்கொண்டு அதில் இருந்ததைப் பார்த்தேன். எல்லாம் நான்தான். ஆனால் மூக்கு ஒழுகுகிற படம் ஒன்றுகூட இல்லை. அவற்றை அவள் வழியிலேயே அழித்திருக்க வேண்டும். கடைசியாக எடுத்தது ஏரிக் கரையில். அப்போதே அவளுக்குத் தலை சுற்றத் தொடங்கியிருக்கும் போல, அடிவானம் கொஞ்சம் சாய்ந்திருந்தது. தண்ணீர் ஓரத்தில் ஒரு பெண் நிற்கிறாள். முதுகில் மூட்டை இல்லை. காற்றில் தலைமுடி பறக்க, அந்த ஏரியே தன்னுடையது என்பது போல நிற்கிறாள். வாய் விட்டுச் சிரிக்கிறாள். அவளைப் பார்த்து யாரும் எந்த ஏரியா என்று கேட்க மாட்டார்கள். அப்படி ஒரு படத்தை என்னை வைத்து வேறு யாரும் எடுத்ததில்லை. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒவ்வொன்றாக அழித்தேன், அதைக் கடைசியில் அழித்தேன்.

திருவொற்றியூருக்குப் போய்க் கேமராவைக் கொடுத்தபோது ஹில்டாவின் அம்மா என்னைக் கட்டிக்கொண்டார். "நீ கூட இருந்தியேடி. அந்நியர் மத்தியில அனாதையாப் போவாம, அவ பாஷை பேசுற ஒருத்தி பக்கத்துல இருந்தியே. அது போதும்டி எனக்கு," என்றார். கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல கடைசியா எதுனா எட்த்து வெச்சிருக்கா? உன்னையாவது எட்த்திருப்பாளே?"

"ஒண்ணியும் இல்லம்மா," என்றேன்.

அப்போது அதில் ஒன்றும் இல்லைதான். நான் பொய் சொல்லவில்லை.